நடுவில் ஏறியவர்

ஆயுள் முழுக்க ஊராரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தே பிழைத்த ஒரு மனிதரிடம், பூங்காவின் இரும்புக் கேட்டருகே நின்று ஒருவன் டிக்கெட் கேட்டான். ரிட்டயரான பஸ் செக்கர் பைகளைத் துழாவினார். சட்டைப் பையில் இல்லை. பேண்ட் பையில் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று தொப்பியின் மடிப்பில் செருகி வைத்தது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் யாராவது இப்படித் தொப்பிக்குள்ளிருந்து டிக்கெட்டை எடுத்திருந்தால், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்.

"மெ... மெதுவா எடுங்க சார். ஒ... ஒண்ணும் அவசரமில்ல," என்றான் பூங்காவைச் சுற்றிக் காட்டுகிற அந்தக் கைடு.

தொப்பி மாடி வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியது. டிக்கெட் எடுத்ததும் அவர் பெயரில்தான். கறுப்புக் கண்ணாடி, மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது; முகத்தில் பாதியை மூடும். அதைப் போட வேண்டுமென்றால் சொந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். ஆக, வேவு பார்க்க வந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை. மனைவியிடம் மட்டும், கண்ணாடிக் காது ஆடுகிறது, கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனையும் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்.

எதிரே மங்கலாக, உயரமாக நின்ற இந்தக் கைடைத்தான் அவருடைய ஒரே மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தாள். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை பொறுத்திருக்க வேண்டியது ஒன்றுதான் செக்கரின் வேலை. அந்த ஒரு வேலைதான் அவருக்கு வராது. முன்பு ஒரு வரன் வந்தபோது மாப்பிள்ளையின் ஆபீஸ், அவன் டீ குடிக்கிற கடை, முடி வெட்டிக்கொள்கிற கடை வரைக்கும் போய் விசாரித்தார். முடி வெட்டுகிறவர் அடுத்த தடவை கத்தரிக்கோலை எடுத்த கையோடு விஷயத்தையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். வரன் போயிற்று. கொஞ்ச நாளில் மகளும், வேலைக்குப் பக்கம் என்று சொல்லி, தனியாக அறை எடுத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் வந்திருந்தபோது துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, இவர் ஒண்ணும் பஸ் இல்ல. நடுவுல ஏறி செக் பண்ணாதீங்க. பண்ணினீங்கன்னு தெரிஞ்சா அதோட சரி. இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. குரலை உயர்த்தாமல் ஓரம் ஓரமாக நீவி நீவி மடித்தாள். செக்கர் தலையாட்டினார். தலையாட்டிய சாயங்காலமே டிக்கெட்டும் எடுத்தார்.

கைடு ஒவ்வொருவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை மாட்டி, அதன் ஒயர் நுனியிலிருந்த குமிழைக் காதில் செருகிக்கொள்ளச் சொன்னான். அவன் காலரில் ஒரு சின்ன மைக் இருந்தது. அதன் நுனியில் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் அவன் பேசுவது எல்லோர் காதிலும் விழும். தூரத்தில் பின்தங்கினாலும் கவலையில்லை. இதையெல்லாம் அவன் தட்டுத் தடுமாறாமல் சொன்னான். பூங்கா வரலாற்றையும் அப்படியே. இந்தக் கேட்டு ஏன் இவ்வளவு உயரம், குதிரை வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து வந்த அதிகாரிக்குத் தலைப்பாகை எவ்வளவு உயரம், குளத்தைத் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் அந்தக் குன்று வந்தது, குன்றைப் பார்த்த பிறகுதான் அதிகாரிக்குத் தான் ஒரு மலையையே உண்டாக்கியவன் என்ற நினைப்பும் வந்தது. கூட்டம் சிரித்தது. செக்கரும் சிரிக்கப் போய், தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆனால் யாராவது கேள்வி கேட்டால் வண்டி நின்றுவிட்டது. கூட்டத்தில் குடை பிடித்து வந்த ஓர் அம்மாள் இருந்தார். நடுவில் புகுந்து கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர். "இந்த மரத்துக்கு என்ன வயசு தம்பி?" என்பார். கைடின் தொண்டையில் முதல் எழுத்து மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். அந்த முதல் எழுத்து செக்கரின் காதுக்குள், மூளைக்குப் பக்கத்திலேயே முட்டி மோதும். பிறகு ஒரு தள்ளலில் பதில் வந்து விழும்.

செக்கருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. டிக்கெட் இருக்கிறவர்கள் பையைத் தேடுவார்கள், இல்லாதவர்கள் வார்த்தையைத் தேடுவார்கள். ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல், முதல் எழுத்து தொண்டையில் நிற்பதை வைத்தே எத்தனை பேரை அவர் இறக்கிவிட்டிருக்கிறார். மனப்பாடம் பண்ணிய ரூட்டில் சரளம், குறுக்குக் கேள்வி வந்தால் திணறல். 'கொஞ்சம் நிதானமா பேசுவாராம்' என்று மனைவி சொன்னது இதைத்தானா? நிதானமா இது? முழுப் பூசணிக்காயை மறைக்கிறவன் பேசுகிற பேச்சு.

வளைந்த கல் பெஞ்சு ஒன்றைக் காட்டினான் கைடு. ஒரு கோடியில் உட்கார்ந்து முணுமுணுத்தால் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்குமாம். அந்தக் காலத்தில் காதலர்களும் ஒற்றர்களும் போட்டி போட்டுக்கொண்டு இடம் பிடித்தார்களாம். பிற்பாடு யாரோ விரிசலுக்கு சிமெண்ட் பூசி ரிப்பேர் பண்ணினார்கள். அதிலிருந்து பெஞ்சு வாயைத் திறப்பதில்லை. குடை அம்மாள் விடாமல் ஒரு கோடியில் உட்கார்ந்து, செக்கரை மறுகோடிக்கு அனுப்பி, ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்டுதா?"

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. உங்க கண்ணாடி நல்லா இல்லைன்னு சொன்னேன்."

குளக்கரையில் செக்கர் ஒரு முடிவோடு முன்னால் போனார். "தம்பிக்கு எந்த ஊரு? வீட்டுல யார் யாரு?"

கைடு திரும்பி அவரை ஒரு கணம் பார்த்தான். தேவைக்குக் கொஞ்சம் அதிகமான கணம். "அ... அம்மா... அ... அம்மாவும்..." என்று தொடங்கினான். உதடு துடித்தது. கடைசியில் கையை நீட்டி, குளத்து நடுவில் நின்ற மூக்குடைந்த சிலையைக் காட்டி, தண்டவாளத்தில் ஏறிய ரயில் மாதிரி அதன் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தான்.

அம்மாவைப் பற்றிக் கேட்டால் சிலையைக் காட்டுகிறான். செக்கர் மனசுக்குள் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார். ஆனால் பிடித்ததை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எங்கே எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்பாள். சொல்லாவிட்டால் நாளைக்கு இவன் வந்து நடுக்கூடத்தில் உட்காருவான். இரண்டில் எது நடந்தாலும் மகள் கைவிட்டுப் போகிறாள். கால் வலித்தது. வெயில் தொப்பியைத் தாண்டி இறங்கியது.

பேண்டு வாசிப்பதற்காகக் கட்டிய எண்கோண மண்டபத்தருகே ஓய்வுக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் ஜூஸ் கடைப் பெஞ்சுகளில் சாய்ந்தார்கள். கைடு மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம், தூணுக்குப் பின்னால் போனான். ஆள் மறைந்தான். குரல் மறையவில்லை.

"ம், சொல்லு. இப்பதான் நிறுத்தினேன்... சாப்பிட்டேன்டி. நெஜமாவே சாப்பிட்டேன்."

"ஐயய்யோ, மைக்கை அணைக்காம போயிட்டாரே," என்றார் குடை அம்மாள். சொல்லிவிட்டு, குமிழைக் காதுக்குள் இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டார்.

செக்கர் கையிலிருந்த தம்ளர் பாதியில் நின்றது. அந்தக் குரலில் ஒரு கல், ஒரு முள் இல்லை. தொண்டையில் எதுவும் மாட்டவில்லை. அவரோடு வீட்டில் அளந்து பேசுகிற மகள், மறுமுனையில் என்ன பேசினால் ஒருவன் இப்படித் தண்ணீர் மாதிரி பேசுவான்?

"யாரு, உங்கப்பாவா?... கண்ணாடிக் கடை இன்னைக்கு லீவா? அப்ப வேற எங்கயாவது போயிருப்பாரு. போன்ல சார்ஜ் போயிருக்கும்... இங்கயா? இங்க எதுக்கு வரப் போறாரு? நீதான் போட்டோ காமிச்சிருக்கியே, வந்தா எனக்குத் தெரியாதா? வரல. சத்தியமா வரல... ஏய், அழாத. அவரு உனக்கு வாக்குக் குடுத்தாரில்ல? குடுத்தவரு காப்பாத்துவாரு. வை, நான் அப்புறம் பேசறேன்."

செக்கர் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அது சாய்ந்து ஜூஸ் முழுக்கக் கொட்டியது. கேட்டிலேயே தெரிந்திருக்கிறது இவனுக்கு. தொப்பி, கண்ணாடி, மாடி வீட்டுக்காரர் பெயர் எல்லாம் தெரிந்தும் சார் சார் என்று மரத்தையும் சிலையையும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது அவருக்காக அவளிடமே பொய் சொல்லிவிட்டான். அந்தப் பொய்தான் தொண்டையில் நிற்கவே இல்லை. அம்மா என்ற நிஜம் நின்றது. சத்தியமா என்ற பொய் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவருடைய அத்தனை வருஷ சர்வீஸும் யாரோ ஒரு ரப்பரால் அழித்த மாதிரி இருந்தது. இவனைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று விடுவதா? நாளைக்கு வேறொரு விஷயத்தில் இதே சரளத்தோடு அவளிடம் சத்தியம் பண்ண மாட்டான் என்று யார் கண்டது? அந்தச் சத்தியத்தை இன்று பண்ண வைத்தது யார் என்ற கேள்வியும் பின்னாலேயே ஏறி, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

காதில் மறுபடி குரல் வந்தது. போனில் அல்ல, தனக்குத் தானே.

"வணக்கம் ம்... ம்..." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "வணக்கம் ம்... வா... வாங்க ம்... ம்..."

"பாவம், யாரையோ கூப்பிட ஒத்திகை பாக்கறார்," என்று கிசுகிசுத்தார் குடை அம்மாள்.

"மாடு மாதிரி இல்ல கத்துறான்," என்றான் பக்கத்துப் பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒரு ஜிப்பாக்காரன். காதிலிருந்த குமிழைக் கழற்றி, சிரித்துக்கொண்டே தன் போனோடு சேர்த்துப் பிடித்துப் பதிவு பண்ணத் தொடங்கினான்.

செக்கர் எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். தொப்பியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். உலகம் பழையபடி கூர்மையாகத் தெரிந்தது. ஜிப்பாக்காரன் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"கருவியைக் குடுங்க. எல்லாரும் கழட்டிக் குடுங்க. பேட்டரி மாத்தணும்."

"நீங்க யாருங்க?"

"செக்கிங்."

ஒரு காலத்தில் கூரையில் தொங்கியவனைக்கூடக் கீழே இறக்கிய வார்த்தை. ஜிப்பாக்காரன் என்ன ஏது என்று புரியாமலே கழற்றிக் கொடுத்தான். "அதையும் அழிங்க," என்றார் போனைக் காட்டி. அழித்தான். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். குடை அம்மாள்தான் கடைசி. கருவியை நீட்டும்போது அவர் செக்கரின் முகத்தையே பார்த்தார். "இந்தக் கண்ணாடி பரவாயில்ல," என்றார்.

இடது கை நிறையக் கருவிகளும் ஒயர்களும் பின்னிக் கிடக்க, செக்கர் மண்டபத்துப் படியருகே ஒதுங்கினார். எந்தப் பொத்தானை எங்கே அழுத்தினால் இதெல்லாம் அணையும் என்று அவருக்குத் தெரியவில்லை. கொத்துக்குள்ளிருந்து கொசு மாதிரி அந்தச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. ம்... ம்... ம்...

பஸ்ஸில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் சொன்னதில்லை. கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்று, 'சார், டிக்கெட் எடுக்கல' என்று சொல்கிறவர்களுக்கு அவர் அபராதம் எழுதியதே கிடையாது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். அவளும் அவர் பெற்ற பெண்தானே. நானேதான் வந்தேன், மறைந்து வந்தேன், அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியவே தெரியாது என்று அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால்? கடைசி வாக்கியம் பொய்தான். ஆனால் அது அவனுக்குச் சேர வேண்டிய பொய்.

போனை உயிர்ப்பித்தார். திரையில் வெளிச்சம் வந்து, எண்ணை அழுத்தக் கட்டை விரலைக் கொண்டுபோவதற்குள் அதுவே அடித்தது. மகள்.

கருவிக் கொத்தைக் கீழே வைக்க மனசில்லாமல், அந்தக் கையாலேயே போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். ஒயர்கள் கன்னத்தில் உரசின.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

கேட்டுவிட்டாள். செக்கர் வாயைத் திறந்தார். பார்க்கில் இருக்கிறேன் என்பது சின்ன வாக்கியம்தான். முதல் எழுத்துக்காக உதடுகள் மூடின. மூடியது திறக்கவில்லை.

"ப்..." என்றார். "ப்... ப்..."

"அப்பா?"

கழுத்து நரம்பு புடைப்பது அவருக்கே தெரிந்தது. கன்னத்தோரம், அத்தனை கருவிகளிலிருந்தும் ஒரே நேரத்தில், ம் என்பது ஒரு தடவை முட்டியது, இன்னொரு தடவை முட்டியது, பிறகு கதவு திறந்த மாதிரி முழுசாக, உடையாமல், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"மாமா."

மறுமுனையிலும் அது கேட்டுவிட்டது.

"அப்பா," என்றாள் மகள், குரலை உயர்த்தாமல். "இப்ப அங்க பேசினது யாரு?"

தூணைச் சுற்றிக்கொண்டு கைடு வந்தான். ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்த சந்தோஷம் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. படியருகே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் நின்றவரைப் பார்த்தான். அவர் கையில் பின்னிக் கிடந்த ஒயர்களையும், காதிலிருந்த போனையும் பார்த்தான். அவன் கை தானாகக் காலருக்குப் போயிற்று. இரண்டு பேரும் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, நாலு படி இடைவெளியில், எந்த எழுத்துக்காகவோ காத்து நின்றார்கள். அவன் விரலுக்கடியில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.