ஒரே ஒரு அறிமுகம்

பாஸிலாவின் மகள் நிக்காஹில் பந்தி பரிமாற ஆள் பற்றவில்லை. அதைப் பார்த்துவிட்டு மஹ்ஜபீன் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து தால்ச்சா வாளியைத் தூக்கினாள். பாஸிலா அவளுக்குச் சின்னம்மா மகள். நாகல் நகரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள் மஹ்ஜபீன். அவள் இருக்க, சமையலை அதே தொழில் செய்யும் சௌகத் அலியிடம் கொடுத்திருந்தார்கள். அந்த வருத்தத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வேகமாக வந்து வாளியின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தொடாதம்மா. இந்தக் கல்யாணமும் கெட்டுப் போக வேணாம்."

பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன சொல்கிறாள் என்றே மஹ்ஜபீனுக்கு விளங்கவில்லை. வாளியை வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். படம் எடுக்க வந்திருந்த சுகன்யா கேமராவைத் தோளில் மாட்டியபடி அவள் பின்னாலேயே வந்தாள். எத்தனையோ கல்யாணங்களில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள்.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே தெரியாதா? சௌகத் பாய் உங்களப் பத்தி வாராவாரம் கதை சொல்லிட்டு இருக்காரு."

திண்டுக்கல் வணிகத் தோழர்கள் என்று ஒரு குழு. சுகன்யா அதில் உறுப்பினர். புதன்தோறும் காலையில் பைபாஸ் ரோட்டு ஓட்டல் ஒன்றின் ஹாலில் கூடுவார்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தன் தொழிலைப் பற்றிப் பேசி, தனக்கு யார் அறிமுகம் வேண்டும் என்று கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். சமையல் தொழிலுக்கான இடம் சௌகத் அலியிடம் இருந்தது. அவர் அங்கே சொல்லிவந்த கதை இதுதான்: நாகல் நகரில் ஒரு பொம்பளையிடம் ஒரு குடும்பம் கல்யாணச் சமையலைக் கொடுத்தது. நிக்காஹ் அன்று திறந்து பார்த்தால் பிரியாணி ஊசிப் போய்க் கிடந்தது. பொண்ணைப் பெத்த அத்தா அழுதுகொண்டே அவரிடம் ஓடி வந்தார். அவர் அடுப்பைப் பற்றவைத்து, பந்தி நேரத்துக்குள் அத்தனை பேருக்கும் சோறு போட்டு மானத்தைக் காப்பாற்றினார்.

"பேரு சொல்ல மாட்டாரு. ஆனா நாகல் நகர்ல பொம்பள யாரு இருக்கா, உங்களத் தவிர?" என்றாள் சுகன்யா. "அது பொய்யின்னு எனக்குத் தெரியாதுக்கா. ஏதோ நடந்துருச்சு, நீங்களே சொல்ல வெக்கப்படுறீங்கன்னு நெனச்சேன்."

நடக்கவே இல்லை. மஹ்ஜபீனின் அண்டாவில் ஒருநாளும் சோறு ஊசியதில்லை. சௌகத் அலியின் சமையல்கட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். தனியாகத் தொழில் தொடங்குகிறேன் என்று சொன்னபோது, "போ, எம்புட்டு நாளைக்கின்னு நானும் பாக்குறேன்" என்றார் அவர். கடந்த ஒரு வருஷமாக ஏன் ஒவ்வொரு ஆர்டராகக் கை நழுவியது, ஏன் பேசி முடித்த கல்யாணங்கள்கூட "பொண்ணு வீட்ல வேற ஆள் பாத்துட்டாங்கம்மா" என்று போனில் முடிந்தன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

"வெட்டிப் போடுவேன்" என்றாள் மஹ்ஜபீன்.

"வெட்ட வேணாம். அடுத்த மாசம் விருந்தினர் நாள் வருது. யார் வேணா வரலாம், வர்றவங்களுக்கும் ஒரு நிமிஷம் உண்டு. வாங்க."

அந்த ஒரு நிமிடத்துக்காக மஹ்ஜபீன் எழுதிய முதல் பேச்சு முழுக்க வசவு. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். போனில் நேரம் முடிந்து மணி அடித்தும் பாதிகூடத் தாண்டவில்லை. சுகன்யா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இதச் சொன்னா உங்கள வெளிய அனுப்பிருவாங்க. உறுப்பினரக் கொறை சொல்லக் கூடாதுன்னு விதி. அதுவும் போக, கோவப்பட்டுப் பேசினா கோவம்தான் ஞாபகம் இருக்கும், விஷயம் நிக்காது. ஒரே விஷயம் சொல்லணும். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுவும் பொத்தாம் பொதுவா கேக்கக் கூடாது. எல்லாருக்கும் சமைப்பேன்னு சொன்னா யார் முகமும் ஞாபகம் வராது. இன்னாரத்தான் பாக்கணும்னு கேட்டாத்தான் ஒருத்தர் எந்திரிச்சு, எனக்குத் தெரியும்னு சொல்லுவாரு."

"இன்னாரையா?" மஹ்ஜபீன் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு வசவை எல்லாம் ஒவ்வொரு வரியாக அடித்தாள். 'நன்றி கெட்டவன்' என்ற சொல்லை அடிக்க மட்டும் மனசு வரவில்லை. அதையும் அடித்தாள். மிச்சம் இருந்த பேச்சில் கோபத்தின் சாயல்கூட இல்லை. அதைச் சுகன்யாவிடம் சொல்லிக் காட்டினாள்.

"அக்கா," என்றாள் சுகன்யா, "இதுக்கு வசவே தேவலாம் போலிருக்கே."

விருந்தினர் நாளில் ஹால் நிறைந்திருந்தது. சௌகத் அலி அவளைப் பார்த்துவிட்டார். வேறு கதை சொல்வார் என்றுதான் மஹ்ஜபீன் நினைத்தாள். ஆனால் அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே கதையை, ஊசிப் போன பிரியாணியின் வாடைவரை விவரித்துச் சொன்னார். இத்தனை பேர் நடுவில் இவளால் வாய் திறக்க முடியாது என்பது அவர் கணக்கு. கைதட்டல் பலமாக இருந்தது.

விருந்தினர் முறை வந்தது. மஹ்ஜபீன் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு மஹ்ஜபீன். நாகல் நகர்ல கல்யாணச் சமையல் எடுக்குறேன். அங்க இந்தத் தொழில் பண்ற பொம்பள நான் ஒருத்திதான். அதனால இப்ப சௌகத் பாய் சொன்ன கதையில வர்ற பொம்பள நான்தான்."

டிபன் தட்டுகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"நான் ஆர்டர் கேக்க வரல. ஒரே ஒரு அறிமுகம் கேக்க வந்திருக்கேன். என் சோத்தால அழுத அந்தக் குடும்பத்த நான் பாக்கணும். அவங்க வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்கணும். அவங்க யாரு, எந்த ஊரு, எனக்குத் தெரியல. தெரிஞ்சவரு இந்த ஹால்ல ஒருத்தர் இருக்காரு. அந்த அறிமுகத்த மட்டும் எனக்கு வாங்கிக் குடுங்க. நன்றி."

மணி அடிப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

குழுவின் தலைவர் ஈஸ்வரன் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வெள்ளை மனசுக்காரர். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார். "பாய், இத விட லேசான அறிமுகம் உண்டா? உங்க கையிலதான இருக்கு. இப்பவே போன் நம்பரக் குடுத்துருங்க."

"அது... பழைய விஷயம் தலைவரே. அவங்க சங்கடப்படுவாங்க."

"சங்கடம் என்னங்க, மன்னிப்புக் கேக்கத்தான கூப்புடுறாங்க? கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"நிலக்கோட்டை ரோட்டு மண்டபத்துல. போன ஜனவரி."

பின்வரிசையில் இருந்த பொன்னழகு நிமிர்ந்தார். நிலக்கோட்டை ரோட்டில் மண்டபம் வைத்திருப்பவர் அவர்தான். "நம்ம மண்டபத்துலயா? ஜனவரி பூராம் தரை பேத்துப் போட்டுக் கெடந்துச்சே பாய். ஈஸ்வரன் கடை டைல்ஸ்தான பதிச்சோம்."

யாரோ ஒருவர் சிரித்தார். சௌகத் அலி ஊரைக் குழப்பிக்கொண்டதாகச் சொன்னார், அடுத்த வாரம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், தண்ணீர் குடித்தார். மஹ்ஜபீன் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு துளி வியர்வையும் அவளுக்கு இனித்தது.

அடுத்த புதன் ஈஸ்வரன் மறக்காமல் கேட்டார். அதற்கடுத்த புதனும் கேட்டார். சுகன்யா ஹாலிலிருந்தே போன் போட்டு, சௌகத் அலி சொன்ன சாக்கை ஒன்று விடாமல் சொல்வாள். அதைக் கேட்கத்தான் மஹ்ஜபீன் புதன்கிழமைகளுக்குக் காத்திருந்தாள். கொஞ்ச நாளில் சௌகத் அலி கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். மஹ்ஜபீனின் கணவன் ஹஸ்ஸான் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நான் செஞ்சது தப்புத்தான் தங்கச்சி," என்றார். "ஏதோ ஒரு கோவத்துல வாய்ல வந்துருச்சு. மாப் பண்ணிரு. அந்தக் குடும்பத்தப் பாத்துப் பேசி முடிச்சாச்சுன்னு ஈஸ்வரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. வத்தலக்குண்டுல மகனுக்குப் பொண்ணு பேசியிருக்கு. பொண்ணோட அத்தா காதுக்கு இது போயிருச்சு. பொய் சொல்ற வீட்ல சம்பந்தமான்னு யோசிக்கிறாராம்."

"இல்லாத குடும்பத்த எப்படிப் பாய் நான் பாத்தேன்னு சொல்றது?"

"அதான் மன்னிப்புக் கேக்குறேன்ல."

"என் வீட்டுக்குள்ள வந்து கேக்குறீங்க. பொய்ய எங்க சொன்னீங்க? அந்த ஹால்ல வந்து எந்திரிச்சு நில்லுங்க. அங்கயும் உங்களுக்கு ஒரு நிமிஷம் குடுப்பாங்க."

அவர் போன பிறகு ஹஸ்ஸான், "வீடு தேடி வந்த மனுஷன். விட்டுரு மஹ்ஜபீன். பையன் என்ன பண்ணுவான்?" என்றான்.

"என் கையில இருந்து வாளியப் புடுங்கினப்ப நான் என்ன பண்ணேன்? அன்னைக்கு யாரு மச்சான் விட்டுக் குடுத்தா?"

சமையல் தொழிலின் இடம் காலியானதும் மஹ்ஜபீனைச் சேர்த்துக்கொண்டார்கள். இனிமேல் தொழிலை மட்டும் பேசுங்கள் என்றாள் சுகன்யா. பேசினாள். சீரகச் சம்பாவுக்கும் பாசுமதிக்கும் தண்ணீர் வைப்பதில் உள்ள வித்தியாசத்தை அவள் சொன்னபோது ஹாலில் பலருக்குப் பசித்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் கடைசியில், "அந்தக் குடும்பத்த இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சா சொல்லுங்க" என்று முடித்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"போதும்க்கா. ஜெயிச்சாச்சு. இப்ப உங்களப் பாத்தா எனக்கே பயமா இருக்கு," என்றாள் சுகன்யா.

"இருக்கட்டும்" என்றாள் மஹ்ஜபீன்.

அடுத்த விருந்தினர் நாளில் சௌகத் அலி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. வத்தலக்குண்டு சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் சௌகத் அலி எழுந்து, யாரையும் பார்க்காமல் பேசினார். "நாகல் நகர்ல பிரியாணி கெட்டுப் போச்சுன்னு நான் சொன்னது பொய். அப்படி ஒரு குடும்பமே இல்ல. மஹ்ஜபீன் சமையல்ல இதுவரைக்கும் ஒரு கொறையும் வந்ததில்ல." உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. ஈஸ்வரன் அவசரமாக அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இரக்கம் வந்துவிடுமோ என்று மஹ்ஜபீன் அவர் எழுந்தபோதே பயந்திருந்தாள். வரவில்லை. தொண்டையில் நெடுநாளாகச் சிக்கியிருந்த முள் இறங்கியது போலத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது அவர் வாசலில் அவளுக்காக நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"இப்பத் திருப்தியா?"

"ஆமா பாய்," என்றாள் அவள். "ரொம்பத் திருப்தி."

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் செத்த நேரம் நின்றார். உள்ளே பொன்னழகு தன் மண்டபத்தில் நடக்கவிருக்கும் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் பேச அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்குள் போனாள்.