தொட்டமேட்டுக் கோயிலின் கடைசி பெஞ்சு

சரஸ்வதி ஓசூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷன் மாடசாமியோடு வந்து இறங்கியவள், சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, தெருமுனை மளிகைக்கடை, ஆஸ்பத்திரி, இந்த மூன்றுக்குள்ளேயே தன் வயதைக் கழித்துவிட்டாள். நாலு இடம் பார்க்க ஆசை இல்லாதவள் இல்லை. வீட்டில் ஆனந்த் இருந்தான். எட்டு வயதில் ஓடும்போதெல்லாம் விழுந்துகொண்டிருந்த பிள்ளை, பிறகு சுவரைப் பிடித்து நடந்தான், அதற்குப் பிறகு கட்டிலோடு சரி. தசை தேயும் நோய் என்றார்கள். அவனைத் திருப்பிப் படுக்க வைக்க, சோறு ஊட்ட, ஈ ஓட்ட ஓர் ஆள் எந்நேரமும் வேண்டியிருந்தது.

மாடசாமி கம்பெனி பஸ் டிரைவர். பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதும் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் மகன் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைக்கு வழியில் கண்டதைச் சொல்வார். கல்மடத்துப் பாறையில் மயில் நின்றது, மார்க்கண்டேய நதியில் தண்ணீர் வந்துவிட்டது, தொட்டமேட்டில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிய பழைய மாதா கோயில் மாந்தோப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கோபுரத்து உச்சியில் இரும்பில் செய்த சேவல் ஒன்று உண்டாம், காற்றடித்தால் திரும்புமாம்.

"இன்னைக்கு சேவல் எந்தப் பக்கம் பாத்துச்சுப்பா?" என்று ஆனந்த் தினமும் கேட்பான்.

"ஆந்திரா பக்கம்ல பாத்துச்சு."

"நேத்தும் அப்படித்தான சொன்ன?"

"நேத்தும் அதே காத்துதாம்ல."

அடுப்படியில் நின்றபடி சரஸ்வதியும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளும் அந்த வழியில் அவர் சொல்லக் கேட்டே போய்வந்தாள். "நீ கொஞ்சம் தேறி வா, எல்லாருமா ஒருநாள் போவோம்" என்பார் மாடசாமி. பிள்ளை தேறவில்லை. பதினேழாவது வயதில், ஒரு மழைநாளில், மூச்சு வாங்கி வாங்கி அடங்கிவிட்டான்.

அன்றைக்கு மாடசாமி அழவில்லை. மின்மயானத்துக்குக் கொண்டுபோனார், கொள்ளி வைத்தார், சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார், கண் நனையவில்லை. காரியம் முடிந்த மறுநாளே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார். சரஸ்வதிக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த பிள்ளைய பறிகொடுத்திருக்கோம். ஒங்க நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா? கல்லு மனுசன்."

அவர் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு, "ஷிப்டுக்கு ஆள் காத்துக் கெடக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சோறு போடுவாள், சட்டை துவைத்து வைப்பாள். அவர் வீடு திரும்ப முன்னைவிட நேரமாகும். கேட்டால் சூளகிரியில் டிராபிக் என்பார். வழியில் பார்த்ததைச் சொல்வது அடியோடு நின்றுபோயிற்று. சொல்ல அங்கே யாருமில்லை என்று அவர் நினைத்தாரோ என்னவோ. ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் கழிந்தது. போன தை மாசத்தில் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது புரட்டாசி. மகள் ஸ்வாதி பெங்களூரில் வேலையாக இருக்கிறாள். ஆனந்துக்கு இரண்டு வயது மூத்தவள். வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகி, சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அவள் காரோடு வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, ஏறு. அப்பா சொல்லிட்டே இருப்பாரே, அந்த இடமெல்லாம் ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

"துக்க வீட்டுக்காரி, வருஷம் திரும்பாம கோயில் குளம்னு போகக் கூடாதுட்டி."

"நீ உள்ள வர வேணாம். வெளியில நின்னு பாரு. பாக்குறதுல என்ன இருக்கு?"

சரஸ்வதி செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

பேரிகை தாண்டியதும் ஊரின் நெரிசல் விட்டுப்போயிற்று. தக்காளித் தோட்டங்கள், கதிர் பிடிக்கிற கேழ்வரகு, ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள், பாதி அறுத்தெடுத்த கல்மலைகள். மாடசாமியின் வாய் வழியாகப் பார்த்திருந்ததைவிட எல்லாமே சின்னதாகவும் தூசி படிந்தும் இருந்தன. ஆனால் வளைவுகள் அப்படியே இருந்தன. "இப்ப ஒரு பாலம் வரும் பாரு" என்றாள் சரஸ்வதி. வந்தது.

கல்மடம் ஒரு பெரிய பாறையின் காலடியில் இருந்தது. பழைய கல்தூண்களும் தாழ்ந்த கூரையும் கொண்ட மடம், இறந்தவர்களை எரிக்காமல் உட்காரவைத்தே அடக்கம் செய்கிற லிங்காயத்துகளுடையது. ஸ்வாதி உள்ளே போக, சரஸ்வதி செருப்பைக்கூடக் கழற்றாமல் வேப்பமரத்தடியில் நின்றாள். மடத்தைப் பார்த்துக்கொள்ளும் கங்கப்பன் என்ற பெரியவர் அவளைக் கண்டு கன்னடத்தில், ஏன் வெளியிலேயே நிற்கிறாய் என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் தவறிட்டார். வருஷம் திரும்பல" என்றாள், தனக்குத் தெரிந்த கன்னடத்தைத் தமிழோடு கலந்து.

"நம்மல்லி சூதக இல்லம்மா" என்றார் அவர். எங்களிடம் தீட்டு கிடையாது. பிறகு அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு மாறினார். "உள்ள இருக்கிற சாமியாருங்க எல்லாரும் சமாதியில குந்தினவங்கதான். சாவு இங்க வெளியாளு இல்ல. வா தாயி."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இருட்டும் விபூதி வாசமுமாக இருந்தது. தரையில் வரிசையாகச் சமாதிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லிங்கம், ஒரு பூ. இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் போனவர்களுக்குக்கூட உட்கார ஓர் இடம் இருக்கிறது. என் பிள்ளைக்கு எங்கே இருக்கிறது என்று நினைத்தாள். மாடசாமி செத்த அன்றைக்கும் அவளுக்குச் சரியாக அழுகை வரவில்லை. ஊர்ச் சனம் முழுக்க வாயிலடித்துக்கொண்டு அழ, இவள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு கோபம் அடைத்துக்கொண்டு கிடந்தது. இப்போதும் கிடந்தது.

தொட்டமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் சாய்ந்திருந்தது. மாந்தோப்புக்கு மேலே முதலில் கோபுரம் தெரிந்தது. அதன் உச்சியில் சேவல் இருந்தது. துரு ஏறி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஸ்வாதி காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

கோயில் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அனிதா என்ற பெண் சாவியோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும், கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைப்பவள். கதவைத் திறந்துவிட்டு, "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"ஓசூர்தாம்மா. நாங்க இந்துக்க. எங்க வீட்டுக்காரரு இந்த வழியாத்தான் கம்பெனி பஸ் ஓட்டுனாரு. கோயிலப் பத்தி அடிக்கடி சொல்வாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அனிதா அவளை உற்றுப் பார்த்தாள். "கம்பெனி பஸ்ஸா? பெரிய மீசை வச்சிக்கினு, நெத்தியில துந்நூறு பூசிக்கினு வருவாரே, தெக்கத்திப் பேச்சு... மாடசாமி அண்ணனா?"

"ஒங்களுக்கு அவுகளத் தெரியுமா?"

"தெரியுமாவா? வாரத்துல ரெண்டு நாளு மூணு நாளு வந்துருவாரே. கடைசி ஊருல ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு, காலி பஸ்ஸ அந்தப் புளியமரத்தாண்ட போட்டுட்டு உள்ள வருவாரு. தோ, அந்தக் கடைசி பெஞ்சுதான். முன்னாடி வரமாட்டாரு. நல்லாருக்காராம்மா?"

"போன தைல போயிட்டாரு" என்றாள் ஸ்வாதி.

அனிதா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சரஸ்வதியின் கையைத் தொட்டாள்.

"மொத நாளு வந்தப்ப நான் பயந்தே போயிட்டேன். அவ்ளோ பெரிய ஆம்பள, பெஞ்சுல குப்புறக் கவுந்துக்கினு கொழந்த மாதிரி அழுவுறாரு. தண்ணி மொண்டு குடுத்தேன். பையன் பூட்டான்மான்னாரு. வூட்ல அழுவ முடியலம்மா, அவ என் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கா, நானும் ஒடஞ்சிட்டா அவள யாரு தூக்குவாங்கன்னாரு. எரிச்சிட்டோம், போயி நிக்க எனக்கு ஒரு எடம் இல்ல, இங்க கொஞ்ச நேரம் குந்திட்டுப் போறேன்னாரு. ஃபாதரும் குந்தட்டும்னு சொல்லிட்டாரு."

சரஸ்வதி அந்தக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் பூ வைப்பாங்க இல்ல? அண்ணனும் சாமந்திப்பூ, மெழுகுவத்தி வாங்கிக்கினு வருவாரு. அவருக்குக் கல்லறை ஏது? பேரு அழிஞ்சுபோன பழைய பிள்ளைக் கல்லறை ஒண்ணு மூலைல கெடக்கு. யாரும் வரமாட்டாங்க அதுக்கு. அதுல வச்சிட்டுப் போவாரு. போன வருசங்கூட வேலய வுட்டப்புறம் லைன் பஸ்ஸு புடிச்சி வந்தாரு."

சரஸ்வதி கடைசி பெஞ்சுக்குப் போனாள். தேக்குப் பலகை, ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. உட்கார்ந்தாள். எதிரே தூரத்தில் பீடத்தில் மாதா, இரண்டு பக்கமும் உயரமான சன்னல்கள், புறா ஒன்று உத்திரத்தில் சிறகடிக்கும் சத்தம். ஆனந்துக்கு அவர் இந்த உள்பக்கத்தைச் சொன்னதே இல்லை. அப்போது அவருக்கே தெரியாது. மகன் போன பிறகுதான் உள்ளே வந்திருக்கிறார். பார்த்ததைச் சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள்.

"அவுகள கல்லு மனுசன்னு சொன்னேன்ட்டி" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. எட்டு மாசமாக வராத அழுகை, அதற்கும் முன்னால் வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது எல்லாமாகச் சேர்ந்து வந்தது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் கூட வந்து உக்காந்திருப்பேனே. ரெண்டு பேருமா அழுதிருப்போமே" என்று, அங்கே இல்லாத மனுஷனிடம் கேட்டுக் கேட்டு அழுதாள். அனிதா ஸ்வாதியை ஜாடை காட்டி வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வந்தபோது சரஸ்வதியின் முகம் வீங்கியிருந்தது. அந்த மூலைக் கல்லறையைக் காட்டச் சொன்னாள். புல் மண்டிய சின்னக் கல் அது. புல்லைக் கையால் பிடுங்கிப் போட்டாள். அனிதா கொடுத்த இரண்டு செம்பருத்தியை அதன்மேல் வைத்தாள். அவ்வளவுதான். கும்பிடவும் தோன்றவில்லை.

திரும்பும்போது மார்க்கண்டேய நதிக்கரையில் கார் நின்றது. அவள்தான் நிறுத்தச் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் முட்டளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். ஸ்வாதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டாள்.

சரஸ்வதி மகளின் பாதங்களைப் பார்த்தாள். மாடசாமியின் பாதங்கள் போலவே அகலமாக இருந்தன. இந்தப் பிள்ளை எப்போது வயசுக்கு வந்தது, எப்போது படித்தது, யார் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் சேர்த்தது, எல்லாமே தன் பார்வைக்கு வெளியே நடந்தது போல இருந்தது. தம்பி செத்தபோது கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்தாள், பரீட்சை இருக்கிறது என்று அடுத்த வாரமே திரும்பிப் போனாள். இவளும் அன்றைக்கு அழுததாக ஞாபகம் இல்லை.

"ஸ்வாதி."

"ம்."

"நீ எங்கட்டி போயி அழுத?"

ஸ்வாதி தண்ணீருக்குள் காலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் ஒருவர் மாடுகளைக் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு போனார்.

"ஹாஸ்டல் பாத்ரூம்ல" என்றாள் கடைசியில். "குழாயத் திறந்து விட்டுட்டு."

சரஸ்வதி நகர்ந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். பெரிய பெண், அம்மாவைவிட உயரம், குனிந்துதான் சாய வேண்டியிருந்தது. முதலில் விறைப்பாக இருந்தாள். பிறகு அவள் முதுகு குலுங்க ஆரம்பித்தது.

"அழு தாயி" என்றாள் சரஸ்வதி. "நான் இருக்கேன்."