பத்தாம் எண், அவ்யயா

எங்கள் கல்லூரியின் சமஸ்கிருதத் துறையில், மூன்றாம் பெஞ்சின் சுவரோர மூலையில், தொண்ணூற்றாறாம் வருடத்திலிருந்து ஒரு குரல் படித்துவருகிறது. ஆள் கிடையாது. வராத நண்பர்களுக்காகத் தொண்டையை மாற்றி மாற்றி பிராக்ஸி கொடுத்த ஒரு கூட்டம் அந்த வருடம் தேர்வெழுதிவிட்டுப் போனது. சைக்கிள்களை எடுத்துக்கொண்டார்கள், குரலை மறந்து இங்கேயே விட்டுப்போனார்கள். அதன்பின் யார் வராவிட்டாலும் அதுவே பதில் சொன்னது. பையன் என்றால் 'உபஸ்திதஹ', பெண் என்றால் 'உபஸ்திதா'; வந்திருக்கிறேன் என்று பொருள். பேராசிரியர் திம்மண்ண ஹெக்டே, விகுதி பிசகினால் எதிரில் நிற்பவருக்கே ஆப்சென்ட் போடுகிறவர். முதல் மாதம் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார், இரண்டாம் மாதம் பெஞ்சைத் துடைக்கச் சொன்னார், மூன்றாம் மாதம் பழகிவிட்டார். பக்கத்து அறையில் இயற்பியல் மாணவர்களுக்கு ஒலியியல் நடத்திக்கொண்டிருந்த நான், அதைக் கேட்ட அன்றே காது டாக்டரிடம் போய்வந்தேன். பொருளாதாரத் துறைக்குத்தான் பொறாமை. அங்கே அறுபது பேர் இருந்தும், கேள்வி கேட்டால் ஒரு குரல் வராது.

இருபத்தேழு வருடம் இப்படிப் போனது. பிறகு, பத்துப் பேருக்குக் குறைந்த துறைகளை மூடுமாறு பெங்களூரிலிருந்து உத்தரவு வந்தது. சமஸ்கிருதத்தில் ஒன்பது பேர். மூடினால் ஒன்பது பேரும் வணிகவியலுக்கு, ஹெக்டே மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் பீதருக்கு. குரலை எங்கே மாற்றுவது என்பதற்கு உத்தரவில் பத்தி இல்லை. ஹெக்டே இரண்டு நாள் சோற்றில் தம்புளி என்னும் மோர்ச்சாற்றை ஊற்ற மறந்து யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர்: அவ்யயா. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் வடிவம் மாறாத சொல்லை இலக்கணத்தில் அவ்யயம் என்றுதான் அழைப்பார்கள். ஆணா பெண்ணா என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

"அப்பா பேரு, சார்?" என்றார் குமாஸ்தா மஞ்சப்பா.

"என் பேரப் போடு."

"ஐயோ, மாராயரே! வீட்டுல அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"போடுய்யா பேசாம."

ருத்ரேஷ் என்ற அதிகாரி ஆகஸ்ட் மழையில் தொப்பலாக நனைந்து வந்து தலை எண்ண உட்கார்ந்தார். ஹெக்டே வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஒன்பது பெயர், ஒன்பது பதில்.

"அவ்யயா."

ஹெக்டே மூலையைப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார். எல்லோருடைய விகுதியும் தெரிந்த குரலுக்குத் தன் விகுதி தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் சாருக்குப் பிடிக்காது என்பது மட்டும் தெரியும்.

"ஏய், சொல்லித் தொலையேன்! எங்கள காமர்ஸுல தள்ளிடுவாங்க!" என்று மேதா என்ற மாணவி காலி மூலையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். "ஒம்பதுதான் சார். எழுதிடறேன்."

ஹெக்டே மேடையிலிருந்து இறங்கினார். மாணவர் பெஞ்சில் முப்பத்தொரு வருடமாக உட்காராதவர், மூன்றாம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இலக்கணம் கெடக்கு, கொழந்தே. வாயில வர்றதச் சொல்லு."

"இருக்கேன், சார்" என்றது குரல், வீட்டுக் கன்னடத்தில். அதில் இந்தச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

அதிகாரி மூலைப் பக்கம் கழுத்தை நீட்டினார். "கொஞ்சம் எழுந்து நில்லுப்பா."

"நின்னுக்கிட்டுதான் இருக்கு, சார்!" என்றது வகுப்பு மொத்தமும்.

அவர் பத்து என்று எழுதிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

துறை இருக்கிறது. ஹால் டிக்கெட்டில் மஞ்சப்பா பெஞ்சு மூலையைப் படமெடுத்து ஒட்டினார். பல்கலைக்கழகம் அதன்மேல் முத்திரை குத்திவிட்டது. எழுதக் கை இல்லை என்று மனுப் போட்டதில் அனுமதியும் வந்தது. குரல் சொல்வதை எழுதுகிறவர் அந்தப் பாடம் அறவே தெரியாதவராக இருக்கவேண்டும் என்பது விதி. கல்லூரி ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது. தனி அறையில் மூன்று மணி நேரம் அது சொல்லச் சொல்ல எழுதினேன். நாலாம் கேள்வியில் ஒரு விகுதியைத் தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. குரல் அந்தச் சொல்லை மறுபடி சொன்னது.

"பரவால்ல, சார்" என்றது. "அடிச்சிட்டு எழுதுங்க. நேரம் இருக்கு."