சத்தம் நின்ற வகுப்பு

அந்தப் பயிற்சி நிலையத்தின் முதலாளிக்கு அங்கே சொல்லித்தரும் அயல்மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் பாடம் நடக்கிறதா இல்லையா என்பது மட்டும் அத்துப்படி. வெளிநாட்டு டீச்சர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் நாட்டுக்கு வேலைக்குப் போகப் படிக்கும் நர்சுகளும் பிளம்பர்களும் அதை ஒரே குரலில் திருப்பிக் கத்த வேண்டும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் அறையில் அவர் அதைக் கேட்டபடி இருப்பார். சத்தம் நின்றால் எழுந்து வந்துவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'காது'.

சின்னவளுக்கு அவர் அக்கா புருஷன். அப்பா போன பிறகு அவளுக்குச் சோறும் கூரையும் அவர் வீட்டில்தான். அதற்குப் பதிலாக நிலையத்தைத் திறப்பாள், பெருக்குவாள், டீ போடுவாள். மிச்ச நேரத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். சாவிக்கொத்து முழுவதும் அவளிடம்தான். அவளை நம்பிக் கொடுத்தார் என்று நினைத்தால் அது நம் நல்ல மனசு. அவளுடைய பயத்தை நம்பிக் கொடுத்தார். அக்காவே அந்த வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுவாள்.

அன்று காலை டீச்சர் பலகையில் எதுவும் எழுதவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது. தன் மொழியில், தணிந்த குரலில், "நான் இன்று மாலை என் நாட்டுக்குத் திரும்பிப் போகிறேன்" என்றாள்.

"நான் இன்று மாலை என் நாட்டுக்குத் திரும்பிப் போகிறேன்!" என்று வகுப்பே கத்தியது. எல்லாம் பழக்கதோஷம். கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இது பாடம் இல்லை என்று டீச்சர் கையை அசைத்தாள். அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். வந்த வினை அந்த அமைதிதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

டீச்சரின் ஒப்பந்தம் போன வருஷமே முடிந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அறை இரும்பு அலமாரியில் பூட்டிய முதலாளி, கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இழுத்தடித்தார். மகள் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்று அழுதும் மனம் இரங்கவில்லை. போலீசுக்குப் போனால் திருட்டுப் பட்டம் கட்டி உள்ளே தள்ளுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னதை, டீ கொண்டுபோன சின்னவளே கேட்டிருக்கிறாள். மாலை விமானத்துக்கு டீச்சர் டிக்கெட் வாங்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

கதவு திறந்தது. "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் முதலாளி.

மாணவர்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் எழுந்து, புதுப் பாடம், வாயில் நுழையவில்லை என்று ஏதோ சமாளித்தார். முதலாளி நேராகக் கடைசி வரிசைக்கு வந்து சின்னவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நடத்தட்டும், தானும் கேட்பதாகச் சொன்னார்.

டீச்சர் தொண்டையைச் செருமினாள். "என் சிறிய புத்தகம் இரும்பு அலமாரியில் இருக்கிறது." பாஸ்போர்ட் என்ற சொல் அவள் மொழியிலும் பாஸ்போர்ட்தான், அது மட்டும் வாய் தவறி வந்திருந்தால் எல்லோர் கதையும் முடிந்திருக்கும். வகுப்பு திருப்பிச் சொன்னது.

"சாவி உங்களில் ஒருவரிடம் இருக்கிறது."

அதையும் சொன்னார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சின்னவள் தொலைந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் அவர் இருக்கிறாரே, அவளும் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் டீச்சர்.

இந்த முறை முதலாளியும் உற்சாகமாகச் சேர்ந்து கத்தினார். சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

அவர் இங்கே இருக்கிறார். அப்படியென்றால் அவர் அறை காலி. இது தோன்றியதும் சின்னவளின் கை சாவிக்கொத்துக்குப் போனது. ஏன்தான் தோன்றியதோ என்றிருந்தது. பிடிபட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அக்காவையும் சேர்த்து வாட்டி எடுத்துவிடுவார்.

"டீ போடட்டுமா மாமா?"

அவர் பலகையைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

அலமாரியில் சாவி நுழையவே மாட்டேன் என்றது. நுழைந்ததும் கதவு கிறீச்சிட்டது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பு திடீரென்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கதவை இழுத்து, பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பூட்டினாள். அப்புறம்தான் அடுப்பையே பற்றவைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. டீ இல்லாமல் எப்படிப் போவது? அன்றைக்கென்று தண்ணீர் கொதிக்கவே இல்லை. அதன் முன்னால் நின்றபோது பட்ட பயத்தை அவள் ஆயுசிலேயே பட்டதில்லை.

முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "கை ஏன் நடுங்குது?"

"காலையில சாப்பிடல மாமா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்ளரோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில், மாடிப்படித் திருப்பத்தில் பாஸ்போர்ட் கைமாறியது. டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "நீ? உன்னை அவர்?" என்றாள். போங்க டீச்சர், முதல்ல போங்க என்று சின்னவள் அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். கடைக்குப் போகிறவள்போல வெறுங்கையோடு டீச்சர் இறங்கிப் போனாள்.

மத்தியான வகுப்புக்கு டீச்சர் வரவில்லை, அலமாரியில் பாஸ்போர்ட்டும் இல்லை என்றதும் நிலையமே இரண்டுபட்டது. பொழுது சாயும் நேரத்தில் முதலாளி வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள். நேராகச் சின்னவளிடம் வந்தார்.

"உன்கிட்ட சாவிய வாங்கினது அந்த லிஃப்ட்காரன்தானே? ஆமான்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எத்தனை சுலபம்! ஒரு தலையாட்டல் போதும். அவளுக்குச் சோறும் கூரையும் மிச்சம். மெக்கானிக்கின் பயணம் மண்ணாகும், அவ்வளவுதான். டீச்சர் இந்நேரம் விமானம் ஏறியிருப்பாளா என்றும் தெரியவில்லை.

"யாரும் வாங்கல மாமா. நான்தான் எடுத்தேன்."

அவர் ஓரடி முன்னால் வந்தார். அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். தங்கை பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நகரச் சொன்னார். அக்கா நகரவில்லை.