யன்னலில் நின்ற தோட்டா

லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தபோதுதான் நிசாந்தனுக்குத் தன் பெண்சாதிக்கு வாய் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. கலியாணம் கட்டி ஆறு வருடமாக அந்த வாயால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. இப்போது பார்த்தால், கைத்துப்பாக்கி வைத்திருப்பவனின் பெண்சாதிக்கு பொலிஸ்காரர் ஃபோன் எடுத்து, வீட்டில் ஏதும் பயம் இருக்கிறதா என்று கேட்பார்களாம். படிவத்தில் அவளுடைய கையெழுத்துக்கென்று ஒரு பெட்டியும் இருந்தது. நிலாணி ஒரு சொல் பிழையாகச் சொன்னால் துப்பாக்கி போய்விடும். போனால் போனதுதான். கைத்துப்பாக்கி விற்பதையே நாட்டில் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய சூரன் அல்லவா, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். வியாழக்கிழமை பின்னேரம் ஒரு தோட்டாவை எடுத்துவந்து சமையலறை யன்னல் விளிம்பில், நிலாணி கோப்பை கழுவும் இடத்துக்கு நேரே, நிமிர்த்தி வைத்தான். நுனியில் குழி விழுந்த தோட்டா.

"உது உன்ரை," என்றான். "கொக்கா வீட்டை ஓடுற யோசினை வரேக்க உதைப் பார்."

நிலாணியின் அக்கா ரதி ஸ்ரௌவ்விலில் இருந்தாள். இவர்கள் குடியிருந்த ரூஜிலிருந்து காரில் அரை மணித்தியாலம்தான். "வெளிக்கிட்டு வா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று ரதி அனுப்பிய மெசேஜை அவன் அவளுடைய ஃபோனில் வாசித்திருந்தான்.

அன்றைக்கே பேஸ்மென்டில் வேலை இருந்தது. சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளை அவன் எறிவதில்லை. அவற்றுக்குள் புதிதாக வெடிமருந்து அளந்து போட்டு, மேலே ஈயச் சன்னத்தை வைத்து அழுத்தினால் மலிவாகத் தோட்டா கிடைக்கும். மருந்து அளப்பது நிலாணியின் வேலை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எட்டு மணித்தியாலம் நின்று களைத்து வருகிறவள், பிறகு இங்கேயும் நிற்க வேண்டும். தட்டில் ஐம்பது கோது. முப்பதுக்கு மேல் நிரப்பிவிட்டாள். அப்போதுதான் அவன், "கையெழுத்து வைப்பியோ மாட்டியோ?" என்று கேட்டான். அவள் அடுத்த கோதுக்கு மருந்து அளந்தாள். அவன் அவளுடைய பின்னலைப் பிடித்து, அழுத்தும் இயந்திரத்தின் இரும்புப் பிடியில் முகத்தை மோதினான். ஒரு தரம் போதாதென்று இரண்டாம் தரமும் மோதினான். கடைவாய்ப் பல் உடைந்தது. தட்டு கவிழ்ந்து கோதுகள் உருண்டன. மருந்து மேசை முழுக்கக் கொட்டியது.

அவன் கோதுகளைப் பொறுக்கி நிமிர்த்தி, கோபத்தில் ஒன்றையும் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் சன்னம் வைத்து அழுத்தத் தொடங்கினான்.

நிலாணி இரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "இஞ்சருங்கோ, சிலதுக்கை மருந்து குறைஞ்சிருக்கும். கொட்டிப்போட்டுத் திரும்ப நிரப்புவம்."

"வாயைப் பொத்து. எனக்குப் படிப்பிக்கிறியோ?"

அவள் பொத்தினாள். ஐம்பதும் ஒரு நீலப் பெட்டிக்குள் போயின.

ஞாயிறு காலை அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரௌவ்விலுக்கு அப்பால் இருக்கும் சுடும் கழகத்துக்குப் போனான். ரதியின் வீட்டுக்குத் திரும்பும் சந்தியில், வேண்டுமென்றே காரை மெதுவாக்கினான். படிவம் முன்பெட்டிக்குள் கிடந்தது. "அங்க ஆக்களுக்கு முன்னால வாய் திறக்கப்படாது. நான் சுடுறதைப் பார். பார்த்திட்டு வந்து கையெழுத்தை வை." நிலாணியின் கன்னத்தில் மூன்று பூச்சு மேக்கப். மேல்சட்டைப் பைக்குள் அந்த யன்னல் தோட்டா இருந்தது. ஏன் அதை எடுத்துவந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டில் அதைத் தனியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

கழகத்தில் அன்று மேற்பார்வை ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. அறுபது வயது, சிவப்பு மேலங்கி, குளிருக்குத் தொப்பி. அவள் கையில் காதுக்கவசத்தைக் கொடுத்து, புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னார்.

"பிள்ளை, இஞ்ச ஒரு சட்டம்தான் பெரிசு. என்ன பிழையைக் கண்டாலும் யாரும் நிப்பாட்டலாம். கையைத் தூக்கி 'சீஸ் ஃபயர்' எண்டு கத்தினாச் சரி. லைசென்ஸ்காரன், விருந்தாளி எண்டு பேதம் இல்லை. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"அவ ஏன் கத்தப்போறா," என்று நிசாந்தன் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை. அவளுடைய கன்னத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டு மண் அணைகளுக்கு அப்பால் பலகை நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போனார்.

நிசாந்தனின் பிஸ்டல் சின்னது. சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த நீளத்தைவிட அதன் குழல் மயிரளவுதான் கூட. எந்தத் தோட்டா எப்படிப் போகிறது என்று பார்க்க, தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அள்ளி, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஈரக் கட்டு மனுச உடம்பு மாதிரியாம். மேல்பக்க விளம்பரங்களில் வீடு விற்கும் ஏஜென்டுமார் கோட்டும் சூட்டுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

முதலில் உருண்டை மூக்குத் தோட்டா. ஐந்து வெடி. ஐந்தும் நாலு கட்டுகளையும் துளைத்துக்கொண்டு பின்னால் மண்ணில் புதைந்தன. "இது நேரே போயிடும்," என்றான். அடுத்தது குழி மூக்கு. முதற்கட்டு குலுங்கியது, இரண்டாவது பிளந்தது, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியை வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டு, அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"கையை உள்ள விட்டு எடு."

நிலாணி ஈரக் கடதாசிக்குள் விரல்களை விட்டாள். உள்ளே முழுக்கக் கூழாகியிருந்தது. சன்னம் இன்னும் சூடாக இருந்தது, பூசணிப்பூ மாதிரி விரிந்து, விளிம்பெல்லாம் கூராக. அவளுடைய விரல் கிழிந்தது.

"பார்த்தியே. உள்ளுக்கையே நிண்டு கிழிக்கும். சுவருக்குள்ளாலை போகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கரைச்சலும் இல்லை." கறிச்சட்டி வாங்கும்போது விலை பேசுகிறவனைப் போல அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னான்.  கையெழுத்து வைத்தாலும் ஒருநாள் இவன் இதைத் தனக்குச் செய்வான் என்று அந்த இடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

மூன்றாவதாக நீலப் பெட்டியைத் திறந்தான்.

நிலாணி பின்னால் கிடந்த மர வாங்கில் இருந்தாள். பதினைந்து வயதில் வன்னியில் பங்கருக்குள் கிடந்து, வந்து விழும் செல்களில் எது தூரம், எது பக்கம், எது வெடிக்காமல் விழுந்தது என்று காதாலேயே பிரித்தவள் அவள். அந்த நேரம் நிசாந்தன் மிசிசாகாவில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தான். துவக்கைப் பற்றி அவளுக்குப் படிப்பிக்க வந்துவிட்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் முழு வெடி. ஏஜென்டு ஒருவரின் தாடை பறந்தது. நாலு. ஐந்து.

ஆறாவது 'டுப்' என்றது. அவ்வளவுதான். கடதாசி அசையவில்லை.

சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டால் போக வழியில்லை, துப்பாக்கிதான் வெடிக்கும். இது நிலாணிக்குத் தெரிந்தது. அவள் எழும்பிவிட்டாள். கை பாதி உயர்ந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, பொறுங்கோ, அது..."

அவன் ஒரு காதின் கவசத்தை நீக்கித் திரும்பினான். முகம் வெறுப்பில் கோணியிருந்தது. "உனக்கு எத்தினை தரம் சொல்றது? வாயைப் பொத்தடி. வீட்டை வா, மற்றப் பக்கப் பல்லையும் கழட்டிறன்."

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை இரண்டு அணைக்கு அப்பால்தான் நின்றார். ஒரு கத்தல் போதும். நிலாணிக்கு அது நன்றாகத் தெரியும். அவன் மேல்மூடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினான். அவள் உயர்த்திய கையை இறக்கினாள். வாயைப் பொத்தினாள். சும்மா அல்ல, உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள்.

அவன் விசையை அழுத்தினான்.

அந்த வெடி முன்னால் போகவில்லை. அவனுடைய கைகளுக்குள்ளேயே வெடித்தது. குழல் பிளந்தது. மேல்மூடி கிழிந்து நெற்றியைத் தட்டிக்கொண்டு பறந்தது. வலக்கையில் பெருவிரல் தோலில் தொங்கியது, சுட்டுவிரலைக் காணவில்லை. ஏஜென்டுமாரின் சிரித்த முகங்களில் இரத்தம் தெறித்திருந்தது. நிசாந்தன் முழங்காலில் விழுந்து, கையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் அலறினான்.

அண்ணை ஓடிவந்தார். தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அவனுடைய மேற்கையில் இறுக்கினார். ஒருவன் அம்புலன்ஸுக்கு ஃபோன் எடுத்தான். நிலாணி கழுத்துச் சால்வையைக் கழற்றிக் கொடுத்தாள். அண்ணை அதைக் காயத்தில் சுற்றினார்.   மனுசன் ஒருவன் கண் முன்னால் துடிக்கிறான், தனக்கு இரக்கம் வரவில்லையே என்று தன்னைத் தானே தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"சொல்லு, நிலாணி," என்று அவன் தரையில் கிடந்து முனகினான். "பொலிஸ் வரும். பக்டறித் தோட்டாவிலதான் பிழையெண்டு சொல்லு. நாங்கள் சந்தோசமா இருக்கிறம் எண்டு சொல்லு. ஏதாவது சொல்லடி."

அம்புலன்ஸோடு பொலிஸும் வந்தது. இளம் பெண் ஒருத்தி, கையில் குறிப்புப் புத்தகம். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வெடித்த குழலைத் துணியில் வைத்துக் காட்டினார். உள்ளே ஒரு சன்னம் இறுகிக் கிடந்தது. பிறகு நிலாணியிடம் திரும்பி, மெல்லக் கேட்டார்:

"பிள்ளை, இதுக்கு முதல் வெடி சின்னனாக் கேட்டிருக்குமே. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது அண்ணை."

"அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?"

"நிப்பாட்டத்தான் எழும்பினனான். வாயைப் பொத்தச் சொன்னவர். பொத்தினனான். அதையும் அவவிட்டைச் சொல்லுங்கோ, நான் ஒண்டையும் மறைக்கேல்லை."

அண்ணை அதை அப்படியே பொலிஸ்காரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் இருந்து நிசாந்தன் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிலாணி சால்வை இல்லாத கழுத்தோடு, கன்னத்து மேக்கப்பை ஈரக் கடதாசித் துண்டால் அழுத்தித் துடைத்தாள். நீலமும் பச்சையுமாகக் காயம் வெளியே வந்தது. பைக்குள் கையை விட்டு, அந்தக் குழி மூக்குத் தோட்டாவை எடுத்து, பொலிஸ்காரியின் உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்தாள்.

"இது என்னுடையதாம்," என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கென்று எடுத்து வைத்திருந்தவர். முதலில் இதை எழுதுங்கள்."