பிரிக்காத பொட்டலம்

மயிலம்மாளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி முருகானந்தம். மற்றது ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம். மரத்தை எப்படி ஆள் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பவர்கள் அந்தக் கொல்லைக்கு ஒருமுறை வந்திருக்க வேண்டும். அடிமரத்தில் மஞ்சள் துணி, அதற்குக் கீழே ஒரு பொந்து, பொந்துக்குள் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு விளக்கு. அதில் அம்மன் இருந்தாள். அந்தத் தெருவில் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

அம்மா சாகும்போது மயிலம்மாளுக்குப் பத்தொன்பது வயது, முருகானந்தத்துக்கு ஏழு. "தம்பியைப் பட்டினி போடாதே, மரத்துல கத்தி வைக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இரண்டையும் இவள் காப்பாற்றினாள். லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். தனக்கு ஒன்று செய்துகொள்ள நேரம் இல்லாமலே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. தம்பி இன்றும் வெள்ளிக்கிழமை மதியம் அக்கா கையால்தான் சாப்பிடுவான்.

சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு அவன் சொன்னான்.

"அக்கா, ஆத்தாவுக்கு ஒரு கோயில் கட்டலாம்னு இருக்கேன். மரத்தைச் சுத்தி மேடை, மேலே கொட்டகை. வெயில்லயும் மழையிலயும் எத்தனை நாளைக்கு நிப்பா?"

மயிலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"வேர்கிட்ட தோண்டுறப்போ ஆத்தா மரத்துல இருக்கக்கூடாதுல்ல. ஒரு மண்டலம் கும்பத்துல இறக்கி வச்சிடுக்கா. வேலை முடிஞ்சதும் திரும்ப ஏத்திடலாம்" என்றான்.

பெரிய கோயில்களில் திருப்பணி நடக்கும்போது செய்வதுதான் அது. ஆனால் அம்மனைக் கேட்காமல் எழுப்ப முடியுமா? வாக்குக் கேட்கவேண்டும் என்றாள் மயிலம்மாள். அதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. வாழைச்சருகில் இரண்டு பொட்டலம் மடிக்க வேண்டும். ஒன்றில் குங்குமம், ஒன்றில் திருநீறு. குங்குமம் வந்தால் சம்மதம், திருநீறு வந்தால் வேண்டாம். கேட்பவள் மடிக்கக் கூடாது, மடித்தவன் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அது அம்மன் சொல்லாமல் விட்ட வார்த்தை. அதைக் காவிரியில் விட்டுவிட வேண்டும்.

"நான் மடிக்கிறேன்" என்றான் முருகானந்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பொட்டலம் எடுக்க மகள் கலைமதியை அழைத்து வந்தான். காலேஜில் உலகப் புராணங்களில் வரும் மரங்களைப் பற்றி அவளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அத்தை வீட்டு மரத்தை போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டே பேசினாள்.

"கிரீஸ்ல ஒரு ஓக் மரம் இருந்துச்சாம் அத்தை. இலை சலசலக்குறதைக் கேட்டு பூசாரிங்க குறி சொல்லுவாங்களாம். அதே ஊர்ல ஒரு ராஜா, சாமி மரத்தை வெட்டிட்டான். எவ்வளவு தின்னாலும் பசி அடங்கக்கூடாதுன்னு சாபம். கடைசில தன்னையே தின்னுட்டானாம்."

"எந்த ஊரா இருந்தா என்ன, மரம் மரந்தான்" என்றாள் மயிலம்மாள்.

கலைமதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். குங்குமம். மயிலம்மாள் குலவையிட்டாள். அடிமரத்திலிருந்து மஞ்சள் நூலை இழுத்துக் கும்பத்தில் சுற்றி, "வாடியம்மா, கொஞ்ச நாளைக்கு என் அடுப்படியில இரு" என்று அழைத்து, நூலை அறுத்தாள். மடியில் வைத்த கும்பம் குழந்தை மாதிரி கனத்தது. மிஞ்சிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனால் காவிரியில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. வெறும் மணல். ஆனியில் தண்ணீர் வரட்டும் என்று பொட்டலத்தை மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்தாள்.

எட்டாம் நாள் ஹாஸ்டலில் மதியச் சமையல் முடித்துவிட்டு வந்தவளுக்குத் தெருமுனையிலேயே வேப்ப வாசனை அடித்தது. பச்சை மரத்தை அறுத்த வாசனை. கொல்லைக்கு ஓடினாள். அங்கே வானம்தான் இருந்தது. மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. லால்குடியிலிருந்து வந்த மரம் வெட்டுகிற ஆட்கள் நாலு பேர் நிழலில்லாமல் சுவரோரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போட்ட கூச்சலில் மேஸ்திரி ஜெகபர் அலி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நாங்களா வெட்டலைங்க அக்கா. போன மாசமே உங்க தம்பி கூப்பிட்டாரு. சாமி இருக்குற மரத்துல என் ஆளுங்க அரிவாள் வைக்க மாட்டாங்க, அக்கா வாயால இறக்கி வச்சாத்தான் வருவோம்னு சொல்லிட்டேன். நீங்க இறக்கி வச்சீங்கன்னு சொன்னாரு. அதை நம்பித்தான் கை வச்சோம்."

மயிலம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோயில் பேச்சு, வாக்கு, கும்பம் எல்லாமே இதற்குத்தான் நடந்திருக்கிறது. பூட்டு இருந்த வீட்டில் திருடன் நுழைய முடியவில்லை. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவளே திறந்துவிட்டாள், குலவை போட்டு.

போனில் முருகானந்தம் தடுமாறவே இல்லை.

"வேர் சுவத்துக்குள்ள போயிருக்குக்கா. இன்ஜினியர் பாத்துட்டு ஆபத்துன்னாரு. எடுக்குறதுன்னு ஆனப்புறம் கொல்லையில சின்னதா ஒரு வீடு கட்டிடலாம்னு பட்டுச்சு. ஆத்தாவுக்கு மாடிப்படிக்குக் கீழே டைல்ஸ் போட்டு நல்ல மாடம் கட்டித் தரேன்."

"கோயில் கட்டுறேன்னியேடா."

"ஆத்தாவே சரின்னுட்டாளே அக்கா. குங்குமந்தானே வந்துச்சு?"

மயிலம்மாள் போனை வைத்துவிட்டாள். தம்பி பொய் சொல்வான், மனிதன்தானே. ஆத்தா சொல்லலாமா? நாற்பது வருஷம் விளக்குப் போட்டவளுக்கு ஒரு திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுக்க முடியவில்லையா? அடுப்படி மூலையில் இருந்த கும்பத்தைப் பார்த்து, "நீயும் அவங்கூடச் சேர்ந்துக்கிட்டே இல்ல?" என்று கேட்டாள். அன்றோடு விளக்கு நின்றது. கலைமதி போன் பண்ணி அழுதாள். "நீ என்னம்மா பண்ணுவே, அவ கொடுத்ததை எடுத்தே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் முருகானந்தம் தலை காட்டவில்லை. சிரித்துப் பேசினவர்கள் எல்லாம் சேர்ந்து கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்ற நினைப்போடு அவள் ஹாஸ்டலில் ஐம்பது பேருக்கு இட்லி ஊற்றினாள்.

ஆனியில் மேட்டூரில் திறந்த தண்ணீர் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. கோபம் கோபமாக இருக்கட்டும், முறை முறைதான். மயிலம்மாள் மஞ்சள் டப்பாவிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினாள். இரண்டு மாதம் டப்பாவில் கிடந்த சருகு அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. தண்ணீருக்குக் குனிந்தபோது கைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது.

உள்ளங்கையில் குங்குமம்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி, கோயில் பிரசாதம் என்று நினைத்து, "கொஞ்சம் எடுத்துக்கிறேங்க" என்று விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். மயிலம்மாள் அந்த நெற்றியையே பார்த்தபடி நின்றாள். இரண்டு பொட்டலத்திலும் குங்குமம். எதை எடுத்திருந்தாலும் சம்மதம்தான். அம்மனை அவன் பேசவே விடவில்லை. பேசாதவளைப் போய் இவள் இரண்டு மாதம் இருட்டில் உட்கார வைத்திருந்தாள். மிச்சக் குங்குமத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் முருகானந்தம் வந்தான். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, ஆனால் கொத்தனார் கல் வைக்க மாட்டேன் என்கிறார். சாமி எங்கே உட்காரும் என்று முடிவாகாத மனையில் அவர் கரண்டி எடுக்க மாட்டாராம்.

"கும்பத்தைக் கொடுக்கா. மாடம் வர்ற இடத்துல வச்சுப் பூசை போட்டுடறேன்."

"முதல்ல சாப்பிடு" என்றாள்.

இலை போட்டாள். சோறு, வெந்தயக் குழம்பு, வாழைப்பூப் பொரியல். மறுசோறு கேட்டான். மறுபடியும் ரசத்துக்குக் கேட்டான். கலைமதி சொன்ன ராஜா அவள் ஞாபகத்துக்கு வந்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நொறுங்கிய சருகையும் குங்குமத்தையும் இலை ஓரத்தில் வைத்தாள்.

"நீ மடிச்சதுடா. ஆத்தா சொல்லாம விட்டது."

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "நேரா கேட்டா நீ சம்மதிச்சிருக்க மாட்டேக்கா" என்றான்.

"சம்மதிச்சிருப்பேன். ஆத்தா கால்ல விழுந்து அழுதிருப்பேன், அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன், ஆனா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்டு நான் எதைடா இல்லைன்னு சொன்னேன்? மரம் மட்டும் போயிருக்கும். இப்போ பாரு."

அவள் எழுந்து போய் இரண்டு புதுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து இலைக்கு முன்னால் வைத்தாள்.

"கும்பம் வேணும்னு கேக்குறது நீ. மடிச்சது நான். முறை தப்பலை. எடு. குங்குமம் வந்தா நானே தூக்கிட்டு வந்து உன் மாடத்துல வைக்கிறேன்."

முருகானந்தம் இடது கையை நீட்டப் போய், நிறுத்தினான். பொட்டலங்களைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். இந்த முகம் கொடுத்ததை அவன் நாற்பது வருஷமாகப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டவன்.

"ரெண்டுலயும் திருநீறுதானே?" என்றான்.

"எடுத்துப் பாரு."

அவன் எடுக்கவில்லை. இலையை மூடாமலே எழுந்தான். கை கழுவும் சத்தம் கேட்டது, பிறகு வண்டி கிளம்பும் சத்தம். "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அவன் அந்த வீட்டைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

மயிலம்மாள் இலையை எடுத்துப் போட்டு, இடத்தைத் துடைத்தாள். பிறகு இரண்டு பொட்டலத்தையும் பிரித்தாள். ஒன்றில் திருநீறு இருந்தது, ஒன்றில் குங்குமம். குங்குமத்தைக் கும்பத்துக்கு வைத்துவிட்டு, இரண்டு மாதமாக எண்ணெய் காணாத விளக்கைத் தேய்க்க உட்கார்ந்தாள்.