அரை அங்குலம்

அப்பாவின் உடலைக் கொண்டுவரும் வாகனம் தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டதும், சித்தப்பா சட்டைப் பொத்தான்களை அவசரமாகக் கழற்றத் தொடங்கினார். அது அப்பாவின் கட்டம் போட்ட சட்டை.

"இதப் போட்டுக்கிட்டு அவன் முன்னாடி நிக்க முடியாதும்மா."

மகள் அவருடைய சொந்தச் சட்டையை நீட்டினாள். அப்பா மருத்துவமனையில் கிடக்க, சித்தப்பா இங்கே தங்கியிருந்த இருபது நாள்களும் அது பைக்குள்ளேயே இருந்தது. மறதி நோய்க்கு ஆளான அம்மா, கணவரைக் காணாமல் இரண்டு நாள் உண்ண மறுத்தபோது, இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் அப்பாவேதான்.

"அவன் வந்து என் நாற்காலியில உக்காரட்டும். ஒரே அச்சுதான நாங்க? என்ன, நான் கொஞ்சம் அழகு."

இரட்டையருள் பத்து நிமிடம் மூத்தவர் என்னும் அதிகாரம் அவருக்கு. பேருந்து ஓட்டுநரான சித்தப்பா விடுப்பெடுத்து வந்தார். "எங்க போயிருந்தீங்க?" என்று கேட்ட அம்மா, பதிலுக்குக் காத்திராமல் சாப்பிட உட்கார்ந்தாள். இருமலென்று சொல்லி அவர் இரவுகளில் கூடத்தில் படுத்துக்கொண்டார்.

அம்மா எதைக்கொண்டு ஒருவரை இன்னார் என்று அறிகிறாள்? மகள் இதையே கவனித்துவந்தாள். அப்பா செய்தித்தாளை உரக்கப் படிப்பவர். சித்தப்பா வாய்திறவாமல் படிப்பவர். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இன்று அதிகாலையில் அப்பா இறந்துபோனார். உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள்.

"அண்ணிய உள்ளயே வெச்சிரு. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்தா..."

சித்தப்பா முடிப்பதற்குள் அம்மா வந்து நின்றுவிட்டாள். கிடப்பவரைப் பார்த்தாள், நிற்பவரைப் பார்த்தாள்.

முப்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவள் அம்மா. குனிந்து, இறந்தவரின் கழுத்தடியிலிருந்து தோள்முனைவரை கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து, சித்தப்பாவின் தோளிலும் அவ்வாறே செய்தாள்.

"அவருக்கு இடது தோள் அரை அங்குலம் எறக்கம். உங்களுக்குச் சரியா இருக்கு. எப்ப வந்தீங்க தம்பி?"

"இப்பத்தான் அண்ணி."

"உங்க அண்ணன் போயிட்டார், பாத்தீங்களா."

சித்தப்பா அப்போதுதான் அழுதார்.

எல்லாம் முடிந்து, பிற்பகலில் அவர் பையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணிதான் தெரிஞ்சுக்கிட்டாங்களே. இனிமே நான் எதுக்கு? நாளைக்கு டூட்டி இருக்கு."

"அப்பா முகத்த நான் எங்க போய்ப் பாப்பேன் சித்தப்பா?"

"உன் பாடு தேவல. நான் தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்ணணும்."

அறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பையத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? வானம் இருட்டிட்டு வருது. மாடில துணி கெடக்கு."

சித்தப்பா மகளைப் பார்த்தார். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குச் சென்றார்.

கால்மணி நேரம் ஆயிற்று. மழை வரவில்லை, அவரும் வரவில்லை.

"அப்பாவக் கூப்புடுடி. டீ ஆறுது."

மகள் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தோள் நிறையத் துணிகளோடு, கொடியை நோக்கி, முதுகு காட்டி நின்றிருந்தார் அவர். 'சித்தப்பா' என்று அழைக்க வாயெடுத்தாள். பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

அழைக்காமலே படியேறினாள். கொடியில் எஞ்சியிருந்த போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள். அவர் மறுமுனையைப் பிடித்தார். நீளவாக்கில் மடித்து, இருவரும் மெல்ல எதிரெதிரே நடந்தார்கள்.